உப்பில்லாத நண்டுக் கறி

செத்தவருக்குச் சமைப்பதில் ஒரு வசதி உண்டு, சாப்பிட்டவர் எழுந்து வந்து குறை சொல்லமாட்டார் என்று நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நினைத்திருந்தேன். முப்பது வருடம் அந்த நினைப்பிலேயே ஓட்டினேன். பாப்பாமோட்டை என்கிற ஊரில் ஒரு நண்டுக் கறி வைத்த அன்று அந்த நினைப்பு ஒரேயடியாகப் போய்விட்டது. அதைச் சொல்லத்தான் உங்கள் ஐந்து பேரையும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காரச் சொன்னேன்.

சமையல் சொல்லித்தரப் போகிறேன் என்று பயப்படாதீர்கள். வெங்காயம் வெட்டுவதை நீங்கள் கைத்தொலைபேசியில் பார்த்தே என்னைவிட அழகாகப் படித்துவிட்டீர்கள். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை எல்லாம் போட்டுக்கொண்டு நிற்கும்போது எனக்கு ஏதோ சத்திரசிகிச்சை நடக்கப்போகிறது போலத்தான் தோன்றும். என் முழங்கால் இனி அந்தப் பெரிய சமையல் கிடாரத்துக்கு முன்னால் நிற்க விடாது. வாய் மட்டும் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஆகவே கேளுங்கள்.

நமக்கு வரும் சமையலில் பாதி சாவீட்டுச் சமையல். கலியாண வீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் படம் எடுக்கிற அவசரத்தில் என்ன தின்றோம் என்றே தெரியாமல் தின்பார்கள். சாவீட்டில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு கறிக்கும் ஒரு அர்த்தம் இருக்கும். அந்த அர்த்தம் வீட்டுக்கு வீடு மாறும். நான் தீவில், கடலோரத் தாழ்வுபாட்டில் பிறந்த கத்தோலிக்க வேதக்காரன். எங்கள் ஆட்களின் ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் நெருப்பில் நின்று பாவம் கழிக்கும். நாங்கள் பூசை ஒப்புக்கொடுத்து, செபமாலை சொல்லி, அதை மேலே தள்ளிவிட வேண்டும். முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குச் சாப்பாடு. ஒருமுறை அப்படி ஒரு வீட்டில் நான் சோற்றை அடிப்பிடிக்கவிட்டேன். முற்றம் முழுக்கப் புகை. செத்துப்போன மனிதரின் தம்பி சத்தமாகச் சொன்னார்: “அண்ணர் உத்தரிக்கிற ஸ்தலத்தில நிக்கிறார் எண்டது உண்மைதான், புகை இஞ்ச வரைக்கும் வருகுது.” அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். நான்தான் கிடாரத்துக்குப் பின்னால் ஒளித்திருந்தேன்.

முஸ்லிம் வீடுகளின் கதையை எனக்குச் சொல்பவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் அண்ணர். சிலாவத்துறைக்காரர். கிடாரம், கதிரை, பந்தல் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பவர். தன் சின்ன லொறியில் சாமான்களோடு வந்து இறங்கினால் வேலை முடியும்வரை போகமாட்டார். ஒருமுறை அவரிடம் கேட்டேன், உங்கள் பக்கம் செத்தவருக்குச் செபம்தான் போகுமா, சாப்பாடும் போகுமா என்று. “மௌத்தானவருக்கு துஆ போகும் வாப்பா, புரியாணி போகாது. புரியாணி எங்களுக்கு” என்றார். வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னார்.

சைவ சமயத்தவரின் வீடுகளில்தான் சமையல்காரனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அங்கே செத்தவருக்கே சாப்பாடு போகும். முப்பத்தோராம் நாள்வரை ஆன்மா வீட்டைச் சுற்றிக்கொண்டு, பசியோடு நிற்குமாம். எட்டாம் நாள் எட்டுச் செலவு என்று ஒரு சடங்கு. அவருக்கு உயிரோடு இருக்கும்போது என்னென்ன பிடித்ததோ எல்லாவற்றையும் சமைத்து, மீனோ இறைச்சியோ சாராயமோ சுருட்டோ, அவருடைய படத்துக்கு முன்னால் படைப்பார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். அவர் தனியாக இருந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று. கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து, அந்தப் படையலை எடுத்து வீட்டார் சாப்பிடுவார்கள்.

இதில் நமக்கு வருகிற சிக்கலைக் கவனியுங்கள். படையலை யாரும் முன்கூட்டியே ருசி பார்க்கக்கூடாது. சமையல்காரனும்தான். நாக்கைக் கட்டிப்போட்டுவிட்டுச் சமைக்க வேண்டும். என்னை இந்தத் தொழிலுக்கு இழுத்துவந்த பெரிய சமையல்காரர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அடுப்பு மூட்டுமுன்பே உப்பை அளந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் எடுத்து அடுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். சிரட்டை வெறுமையானால் உப்புப் போட்டாயிற்று. நிறைந்திருந்தால் போடவில்லை. “நாக்கு இல்லாத இடத்தில கண்ணை வைச்சுச் சமை” என்பார். கெட்டிக்காரன். முப்பது வருடம் அந்தச் சிரட்டை என்னைக் காப்பாற்றியது. ஒரு நாளைத் தவிர.

பாப்பாமோட்டையில் செல்லத்துரை அண்ணர் என்று ஒருவர். வயல் செய்தவர். அவர் இறந்து ஆறாம் நாள் அவருடைய மனைவியின் தம்பி மோட்டார் சைக்கிளில் என்னைத் தேடி வந்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார். தண்ணீர் கொதிப்பதைக்கூடக் காரணம் சொல்லாமல் பார்க்கமாட்டாதவர் என்று முகத்திலேயே தெரிந்தது.

“அண்ணை, எட்டுக்கு ஒரு நண்டுக் கறி வைக்க வேணும்” என்றார்.

“வைப்பம். அதுக்கென்ன.”

“இல்லை, முழுக்கக் கேளுங்கோ” என்று கதிரையை இழுத்துப் போட்டார்.

விஷயம் இதுதான். மூன்று வருடங்களுக்கு முன்னால் செல்லத்துரை அண்ணருக்குப் பிரஷர் ஏறியது. உப்பைக் குறையுங்கோ என்று டொக்டர் சொன்னார். அவருடைய மனைவி தவமணி அக்காவுக்குக் குறைப்பது என்ற பழக்கமே இல்லை. நிறுத்திவிட்டார். உப்புப் போத்தலை அலுமாரிக்குள் காணி உறுதிப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மூன்று வருடம் அந்த மனிதர் உப்பில்லாச் சோறும் உப்பில்லாக் கறியும் தின்றார். இறந்த அன்று காலையில் குசினி வாசலில் வந்து நின்று, “தவம், இண்டைக்கு ஒரு நண்டுக் கறி வையன். உப்புப் போட்டு” என்று கேட்டிருக்கிறார். அக்கா அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்காமல், “செத்தாப் பிறகு சாப்பிடுங்கோ” என்று சொல்லிவிட்டார்.

அண்ணர் சிரித்துக்கொண்டுதான் வயலுக்குப் போனாராம். மத்தியானம் வயல் வரம்பில் சாய்ந்து கிடந்தார்.

“அண்டையில இருந்து அக்கா வெறும் தேத்தண்ணிதான் குடிக்கிறா” என்றார் வாத்தியார். “அவவுக்குப் பட்டினி கிடக்கக்கூடாத சீனி வருத்தம் வேற. ஏலாமல் ரெண்டு தரம் விழுந்திட்டா. அவர் சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிடுவன் எண்டு நிக்கிறா. நான்தானே அப்பிடிச் சொன்னனான் எண்டு.”

“காகத்துக்கு வைச்சனீங்களோ?”

“வைச்சம். மூண்டாம் நாள் ஒரு காகம் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போச்சுது. அத்தான் வந்திட்டார், இனிச் சாப்பிடு எண்டம். அது அவரில்லை, அவருக்கு வடை பிடிக்காது எண்டிட்டா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாத்தியாருக்கும் வந்தது. பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அண்ணை, எனக்கு இதுகளில நம்பிக்கை இல்லை. ஆனா அந்த நண்டுக் கறியை அத்தான் வந்து சாப்பிட்டவர் எண்டு அவ நம்ப வேணும். இல்லாட்டி அடுத்த எட்டு அவவுக்குத்தான்” என்றார்.

விஞ்ஞான வாத்தியார் ஒருவர் ஆவிக்கு நல்ல நண்டுக் கறி வைக்கச் சொல்லி என் வீட்டு வாசலில் வந்து கெஞ்சுகிறார். இப்படி ஒரு மரியாதை எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

எட்டாம் நாள் விடியவே தாழ்வுபாட்டுக் கரைக்குப் போய் நண்டை நானே பொறுக்கி எடுத்தேன். உயிரோடு கடிக்க வருகிற நண்டு. மத்தியானத்துக்குள் பாப்பாமோட்டையில் அடுப்பு மூட்டியாயிற்று. வந்தவர்களுக்கு நானாவின் கிடாரத்தில் ஒரு நண்டுக் கறி. அதை நான் ருசி பார்க்கலாம், அந்த வீட்டில் அதற்குத் தடை இல்லை. படையலுக்குப் புதுச் சட்டியில் தனியாக ஒன்று. சோறு, கத்தரிக்காய், மீன் பொரியல் எல்லாம் உறவுக்காரப் பெண்கள் உள்ளே சமைத்தார்கள். நண்டு மட்டும் என் பொறுப்பு. சிரட்டையில் உப்பு அளந்து வைத்தேன். எல்லாம் ஒழுங்கு.

சட்டி கொதிக்கிற நேரம் தவமணி அக்கா வந்து அடுப்புக்கு முன்னால் தரையில் இருந்தார். எலும்பும் தோலுமாக, ஆனால் கண் மட்டும் நல்ல கூர்மை.

“தம்பி, நீங்கள் வேதக்காரரோ?”

“ஓம் அக்கா.”

“உங்கட ஆக்கள் என்ன சொல்லினம்? செத்தவை நாங்கள் கடைசியாச் சொன்னதை நினைச்சுக்கொண்டிருப்பினமோ?”

“அது எனக்குத் தெரியாது அக்கா. செபம் பண்ணினால் மன்னிப்புக் கிடைக்கும் எண்டு சொல்லுவினம்.”

“ஆருக்கு? செத்தவருக்கோ, இருக்கிறவைக்கோ?”

பூசை வைக்கிற எங்கள் சுவாமியாரே திணறியிருப்பார். நான் அகப்பையால் சட்டியைக் கிண்டினேன். அக்கா அழவில்லை. “பகிடியாத்தான் சொன்னனான் தம்பி, சிரிப்புக்கு. நாற்பது வருஷம் பகிடி சொல்லித்தான் நாங்கள் குடும்பம் நடத்தினது” என்று மட்டும் சொன்னார். என் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு, முருங்கையிலையைக் கிள்ளிப் போட்டு, சட்டியை இறக்கி அவர் கையில் கொடுத்தேன்.

சிரட்டையை நான் பார்க்கவில்லை. உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்க இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

பின்னேரம் படையல் நடந்தது. படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு, தலைவாழை இலை, சோறு, கறிகள், நடுவில் என் நண்டு. கனடாவில் இருக்கிற மகளுக்கு அங்கே விசா இன்னும் சரிவரவில்லை, வர முடியாது. அவர் வீடியோ கோலில் பார்க்கட்டும் என்று கைத்தொலைபேசியைச் சாராயப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தார்கள். அங்கே அப்போதுதான் விடிகிறது. பிள்ளை பல் விளக்கிக்கொண்டே தகப்பனுக்குக் கும்பிட்டது. தேவாரம் படித்து, தூபம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் முற்றத்துக்கு வந்தார்கள். தொலைபேசியை எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் அடுப்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். நானா சிரட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இதில நிறைய உப்புக் கிடக்குதே வாப்பா. கொட்டவா?”

பிள்ளைகளே, அது படையல் நண்டுக்கு அளந்து வைத்த உப்பு. மாதாவே என்று அடுப்புக் கல்லிலேயே இருந்துவிட்டேன். அது நல்ல சூடு, உடனே எழும்பினேன். மூன்று வருடம் உப்பில்லாமல் தின்ற மனிதர், உப்புப் போட்டு ஒரு நண்டுக் கறி கேட்டுச் செத்த மனிதர், உள்ளே இருந்து என் உப்பில்லாத நண்டைத் தின்றுகொண்டிருக்கிறார்.

“உள்ள போய்ப் போட்டிட்டு வாங்க” என்றார் நானா.

“கதவைத் திறக்கேலாது நானா!”

“அப்ப யன்னல்?”

வீட்டின் பின்பக்கம் ஒரு யன்னல் இருந்தது. இரும்புக் கம்பிகள். உள்ளே எட்டிப் பார்த்தால் சட்டி இரண்டு கை தூரத்தில் இருந்தது. கிடாரம் கிண்டுகிற நீள அகப்பையை எடுத்து, அதன் குழியில் உப்பைக் கொட்டி, கம்பிகளுக்கு இடையே மெதுவாக உள்ளே விட்டேன். நானா பின்னால் நின்று என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கப்பலைத் துறைக்குள் கொண்டுவருகிறவர் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். கை தோள்வரை உள்ளே போய்விட்டது. அகப்பை சட்டிக்கு மேலே நின்றது. கவிழ்க்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. நான் வேதக்காரன், ஆவி வந்து நண்டு தின்கிறது என்று எனக்கு யாரும் ஞானோபதேசத்தில் படிப்பிக்கவில்லை. ஆனாலும் ஒரு மனிதன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவனுடைய சோற்றுக் கோப்பைக்குள் களவாகக் கையை விடுவதா என்று ஒரு கூச்சம் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. இழுத்துவிடுவோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் சாராயப் போத்தல் அலறியது.

“அம்மா! அம்மா! கை! அப்பான்ர கை!”

மகள் தொலைபேசிக்குள் இருந்து கத்திய கத்தலில் நான் அகப்பையை வெடுக்கென்று இழுத்தேன். உப்பெல்லாம் உள்ளே யன்னலடித் தரையில் கொட்டியது. அகப்பை கம்பியில் மோதி மணி அடித்தது. திரும்பிப் பார்த்தால் நானாவைக் காணவில்லை. அந்த வயிற்றோடு அவ்வளவு வேகமாக ஒரு மனிதன் ஓடியதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. லொறிக்குப் பின்னால் நின்று கலிமா சொல்லிக்கொண்டிருந்தார்.

முற்றம் முழுக்க ஒரே அமளி. கதவைத் திறந்துகொண்டு எல்லாரும் உள்ளே பாய்ந்தார்கள். நானும் ஒன்றும் தெரியாதவன்போல முன்பக்கத்தால் வந்து சேர்ந்தேன்.

“கறுத்த கை மாமா! நீட்டா வந்தது! சட்டியைத் தொடப் போச்சுது!”

“நித்திரைத் தூக்கத்தில என்னத்தையோ கண்டிருக்கிறாய் பிள்ளை” என்றார் வாத்தியார்.

“நான் பல் விளக்கிக்கொண்டு நிக்கிறன் மாமா, நித்திரை எங்க?”

நான் என் கையைப் பார்த்தேன். கறுப்புத்தான். மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

தவமணி அக்கா இலைக்கு முன்னால் போய் இருந்தார். வாத்தியார் இதுதான் சமயம் என்று ஒரு கோப்பையில் சோறும் நண்டும் போட்டு, “பார் அக்கா, அத்தான் வந்து சாப்பிட்டிட்டார். நீயும் சாப்பிடு. நல்லாயிருக்கு, பார்” என்று தான் ஒரு வாய் வைத்துக் காட்டினார். வைத்தவரின் முகம் அப்படியே நின்றது.

“என்னடா?” என்றார் அக்கா.

“உப்பு... உப்பில்லை.”

ஒரு பெரியம்மா ஓடிவந்து சட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். “உப்பே இல்லை!” யாரோ ஓடிப்போய்க் கிடாரத்து நண்டைக் கொண்டுவந்தார்கள். அதில் உப்புச் சரி. கத்தரிக்காயைப் பார்த்தார்கள், சரி. மீன் பொரியல், சரி. படைத்த நண்டில் மட்டும் உப்பு இல்லை. பெரியம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

“ருசியை எடுத்திட்டார்! நண்டை மட்டும் திண்டிருக்கிறார்! உப்பை எடுத்திட்டார் என்ர ராசா!”

“கடலில கிடந்த நண்டின்ர உப்பையுமெல்லே எடுத்துப்போட்டார்!” என்றார் இன்னொருவர்.

சட்டி கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொருவரும் ஒரு விரல் நக்கிவிட்டு, ஐயோ உப்பே இல்லை என்று ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். இத்தனை வருடத்தில் என் சமையலை இவ்வளவு பேர் இவ்வளவு சந்தோஷமாகக் குறை சொன்னதே இல்லை.

வாத்தியார் மட்டும் என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. கண்ணால் ஒரு சைகை காட்டினார்: வாயைத் திறக்காதே. நானாவும் எங்கிருந்தோ வந்து என் பின்னால் நின்று இடுப்பில் கிள்ளினார்.

தவமணி அக்கா நிமிர்ந்தார்.

“தம்பி, நீங்கள் இதுக்கு உப்புப் போட்டனீங்களோ?”

இப்போது நீங்கள் ஐந்து பேரும் என் இடத்தில் நின்று பாருங்கள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் சாப்பிடுவார். உயிர் பிழைப்பார். வாத்தியார் கும்பிடுவார். என் பெயரும் கெடாது. இல்லை என்றால் எட்டு நாள் பட்டினி ஒன்பதாவது நாளுக்குப் போகும், அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும். ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக.

ஆனால் அந்த அம்மா ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் எட்டு நாளாக வெந்துகொண்டிருந்தார். அதற்கு மேல் இன்னொரு பொய்ச் சொல்லை வைத்து அவருக்குச் சோறு ஊட்ட எனக்கு மனம் வரவில்லை. பயமும் இருந்தது: யன்னலடியில் ஒரு சிரட்டை உப்புக் கொட்டிக் கிடக்கிறது, கூட்டுகிறபோது தெரிந்துவிடும். எது கூட, எது குறைய என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“இல்லை அக்கா” என்றேன். “மறந்து போனன். யன்னலால போடுவம் எண்டு பார்த்தன். அந்தக் கை என்ர கை.”

மடியில் ஒளித்து வைத்திருந்த வெறும் சிரட்டையை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். பெரியம்மா தலைக்கு மேலே தூக்கின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். தொலைபேசிக்குள் இருந்து, “அப்ப அது அப்பா இல்லையோ?” என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. செத்தால் எந்தப் பக்கம் போவேன் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.

அக்கா சிரட்டையைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். பிறகு வாத்தியாரின் கையில் இருந்த கோப்பையை வாங்கி, சோற்றையும் நண்டையும் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். எல்லாரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“சீ! சப்பெண்டு கிடக்கு” என்றார்.

இன்னொரு வாய் வைத்தார்.

“இதையோ அந்த மனுசன் மூண்டு வருஷம் திண்டது?”

பிறகு என்னைப் பார்த்தார். “எத்தினை வருஷமாச் சமைக்கிறியள் தம்பி?”

“முப்பது வருஷம் அக்கா.”

“முந்தி எப்பவாவது படையலுக்கு உப்பை மறந்தனீங்களோ?”

“ஒருநாளும் இல்லை அக்கா.”

“பிறகு இண்டைக்கு மட்டும் எப்பிடி மறந்தது?” என்றவர் உதட்டைக் கடித்தார். தோள் குலுங்கியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படத்தில் இருந்த புருசனைப் பார்த்துச் சிரித்தார். “மறக்கப் பண்ணினது இந்த ஆள்! நான், செத்தாப் பிறகு சாப்பிடுங்கோ எண்டன். அவர் வந்து, சரி தவம், முதல் நீ ஒருக்கா உப்பில்லாமத் திண்டு பார் எண்டிட்டார்! பழி வாங்கிப்போட்டார் பாருங்கோ! செத்தும் பகிடி விடுறார்!”

முதலில் சிரித்தது தொலைபேசி. வாய் முழுக்கப் பற்பசையோடு அந்தப் பிள்ளை சிரித்து, தும்மி, அழுது, மறுபடி சிரித்தது. பிறகு வீடே சிரித்தது. வாசலில் நின்ற நானா, “நல்ல மனுசன், நல்ல மனுசன்” என்று செத்தவருக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா சிரிக்கச் சிரிக்க அந்தக் கோப்பையை முடித்தார். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். உப்பு எடுத்துவரவா என்று கேட்ட பெரியம்மாவுக்கு அடிக்காத குறையாக, “வேண்டாம்! கணக்கா இப்பிடியே திண்டு முடிக்க வேணும். இல்லாட்டி விடமாட்டார்” என்றார். வாத்தியார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார். அவருக்கு இதற்கு விஞ்ஞானத்தில் என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது நானாவின் லொறி தீவுக்குப் போகிற பாலத்தைத் தாண்டியது. பிறகு நானா, “உண்மையாவே அவர்தான் உங்களை மறக்கப் பண்ணினாரோ?” என்று கேட்டார். “உங்கட மார்க்கத்தில அப்பிடி இருக்கோ?” என்று திருப்பிக் கேட்டேன். “இல்லை. உங்கட வேதத்தில?” “இல்லை.” இரண்டு பேரும் தாழ்வுபாடு வரும்வரை சிரித்துக்கொண்டு வந்தோம். அன்றைக்குப் பொலிஸ்காரர் யாராவது வழியில் எங்களை நிறுத்தியிருந்தால் குடித்திருக்கிறோம் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

ஆன்மா எங்கே போகிறது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சமையல்காரன். ஆனால் தொழிலில் உப்பை மறந்தால் மறந்தேன் என்று சொல்லிவிடுங்கள். அந்த வீட்டார் நம்புவது நம்முடைய பொய்யால் தாங்க வேண்டிய அளவுக்கு மெலிந்த சாமான் இல்லை என்பதை நான் அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். யன்னலால் அகப்பையை விடுகிற வேலையும் வேண்டாம். முதுகு பிடித்துக்கொள்ளும்.

முப்பத்தோராம் நாளுக்கும் தவமணி அக்கா என்னைத்தான் கூப்பிட்டார். அது மரக்கறிச் சமையல், கத்தரிக்காய்க் குழம்புதான் பெரிய கறி. அன்றைக்கு நல்ல தெம்பாக, கொஞ்சம் சதை போட்டு இருந்தார். வழக்கம்போல உப்பை அளந்து சிரட்டையில் வைத்தேன். அவர் வந்து சிரட்டையைத் தூக்கிக்கொண்டார். “விடுங்கோ தம்பி, இண்டைக்கு உப்பு நான் போடுறன்” என்று சொல்லி, முழுவதையும் குழம்பில் போட்டுவிட்டு, வெறும் சிரட்டையைக் கவிழ்த்து என்னிடம் காட்டினார்.

படைத்தார்கள். இந்தமுறை தொலைபேசியைக் கையோடு வெளியே எடுத்து வந்தார்கள். பின்பக்க யன்னலைச் சாத்திவிட்டு அதற்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு நானாவே காவலுக்கு இருந்தார். கதவைத் திறந்ததும் அக்கா நேரே போய்க் குழம்பில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். வாத்தியார், பெரியம்மா, கனடாவில் மகள், நான், எல்லாரும் மூச்சுவிடாமல் நின்றோம். அவர் கண்ணை மூடி நெடுநேரம் ருசித்தார்.

“உப்புச் சரியா இருக்கு தம்பி” என்றார். “ஆள் போயிட்டார்.”

சீலைத் தலைப்பால் ஒருமுறை கண்ணைத் துடைத்துவிட்டு, அகப்பையை எடுத்து எல்லாருக்கும் சோறு போடத் தொடங்கினார்.